அந்த டேங்கருக்கு மேலே யார்

பாப்பா,

உன் பையை நேற்றுத்தான் பிரித்தேன். ஓடு ஒழுகியது என்று பரண்மேல் இருந்ததை எல்லாம் கீழே இறக்கியபோது அதுவும் வந்தது. கம்ப்யூட்டரைக் கம்பெனிக்காரர்கள் அப்போதே வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். பை மட்டும் நம்மிடம் தங்கிவிட்டது. உள்ளே நாலாக மடித்த ஒரு காகிதம். எழுத்து கம்மி, கட்டம் ஜாஸ்தி. கட்டத்துக்கு மேல் கட்டம், ஒவ்வொன்றிலிருந்தும் மேலே பார்த்த ஒரு அம்பு. படிக்கத் தெரியாத எனக்காக நீ போட்டுக் காட்டியது. அதைக் கையில் வைத்துக்கொண்டு நான் சொல்லச் சொல்ல, உன் அண்ணி இதை எழுதுகிறாள்.

ஊரடங்கு வந்த வருஷம் நீ மெட்ராஸிலிருந்து மலைக்கு வந்தாய். வூட்டில் சிக்னல் எடுக்காது. மூணாவது வளைவுக்கு மேலே புளியமரத்தடிப் பாறையில்தான் எடுக்கும். காலையில் நீ கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு போவாய். குரங்கு வரும் என்று நான் கொம்போடு பின்னால் வருவேன்.

ஒரு நாள் நீ திரையையே பார்த்துக்கொண்டிருந்தாய். கூழ் அப்படியே ஆறிப்போயிருந்தது.

"இன்னாம்மா ஆச்சு?"

"லாரி கம்பெனிக்கு எழுதிக் குடுத்த புரோகிராம்ப்பா. பால் டேங்கர் கிட்ட, இன்னிக்கு எத்தினி மூட்டைன்னு கேட்டுக்கினு கீது."

"பாலை எவன்டா மூட்டை கட்டுவான்?"

நீ சிரித்துவிட்டாய். இரண்டு நாளாக உன் கம்பெனியில் யாருமே சிரிக்கவில்லை என்று சொன்னாய். அப்புறம்தான் இந்தக் காகிதத்தை எடுத்தாய். செங்கல் அச்சு மாதிரி ஒன்று எழுதி வைப்போம், அதற்குப் பேர் கிளாஸ். அச்சிலிருந்து எடுக்கிற ஒவ்வொரு கல்லும் ஒரு ஆப்ஜெக்ட் என்றாய். ஒரு கிளாஸுக்கு மேலே அதைப் பெத்த கிளாஸ் இருக்கும், மேலே இருக்கிற குணம் கேட்காமலே கீழே இறங்கும் என்றாய். அந்த வண்டிக்குப் பேர் பால் டேங்கர். அதனால் எல்லாரும் அதைப் பெத்தது டேங்கர்தான் என்று எடுத்துக்கொண்டு, டேங்கர் கிளாஸையே குடைந்துகொண்டிருந்தார்கள். அங்கே மூட்டை என்ற பேச்சே இல்லை.

"அப்போ எப்படிக் கண்டுபிடிப்ப?"

"அதையே கேக்கலாம்ப்பா. நீ எந்தக் கிளாஸுன்னு ஆப்ஜெக்டக் கேட்டா சொல்லும். உன்னப் பெத்தது யாருன்னு அந்தக் கிளாஸக் கேட்டா அதுவும் சொல்லும்."

விரல் இரண்டு தரம் தட்டியது. நீ "ஹா!" என்று கத்தினாய். மேலே இருந்தது டேங்கர் இல்லை, சரக்கு வேன். யாரோ அவசரத்தில் வேனிலிருந்து இழுத்து எழுதிவிட்டு, டேங்கர் என்று பேர் வைத்திருக்கிறான். மூட்டைக் கணக்கு வேன் வழியாக இறங்கியது.

"வேனுக்கு மேல?"

"வண்டி."

"அதுக்கும் மேல?"

"ஆப்ஜெக்ட்டுன்னே பேரு வெச்ச மூலக் கிளாஸ் ஒண்ணு. அதுக்கு மேல கேட்டா, ஒண்ணுமில்லன்னு வரும்."

எனக்கு ஒரே குஷி. இது நம்ம வேலைதானே என்றேன். மலையில் பெண் கேட்கப் போகிறவன் முதலில் என் வாசலுக்குத்தான் வருவான். இவன் எந்த வகையறா, அவள் எந்த வகையறா, பங்காளியா மாமன் மச்சானா என்று ஏழு தலைமுறை நிற்காமல் சொல்வேன். உன்னிடமும் பெருமையடித்தேன். நீ என்னை ஏற இறங்கப் பார்த்தாய்.

"நீ கேட்டுச் சொல்றியா, பேர வெச்சுச் சொல்றியா?"

"போடி, எனக்கே கேள்வியா?" என்றேன்.

தையில் அந்தப் பிள்ளை உன்னைப் பெண் கேட்டுத் தன் தாய்மாமனோடு வந்தான். உன்னோடு கள்ளக்குறிச்சியில் படித்தவன். நீ உள்ளே கதவோரம் நின்றாய். எந்த வூடு என்றேன். வடக்கே மேக்காட்டான் வூடு என்றான். எனக்கு ரத்தம் சூடேறிவிட்டது. நாமும் மேக்காட்டான் வகையறா.

"பங்காளி வூட்ல வந்து பொண்ணு கேக்கற. தங்கச்சி முறைடா அவ. வெக்கமா இல்ல?"

தாய்மாமன் உடனே எழுந்துவிட்டான். நான் சொன்னால் சொன்னதுதானே மலையில். பையன் மட்டும் நின்றான். "எங்க தாத்தா வேற மாதிரி சொல்றாருங்க" என்றான்.

"உங்க தாத்தன் படுக்கையில கெடக்கறான். புத்தி தடுமாறிப் பேசறான்."

"ஒரு வார்த்தை அவரக் கேளுப்பா" என்று நீ கதவுக்குப் பின்னாலிருந்து சொன்னாய். கேட்க என்ன இருக்கிறது, எனக்குத் தெரியாததா என்றேன். அவர்கள் போனார்கள். நீ அழவில்லை, சண்டை போடவில்லை. அடுத்த வாரம் மெட்ராஸுக்கு பஸ் ஏறினாய். ஆடியில் காய்ச்சல் என்று போன் வந்தது. மூன்றே நாள்தான் உயிரோடு இருந்தாய். ஆஸ்பத்திரியில் கண் மூடியே கிடந்தாய். என்னால் உன்னிடம் எதுவும் பேச முடியவில்லை. அப்போதும் நான் செய்தது சரி என்றுதான் நினைத்திருந்தேன். அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

போன மாதம் அந்தத் தாத்தன் செத்தான். இத்தனை வருஷம் படுக்கையிலேயே உயிரைப் பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறான். பங்காளி சாவுக்கு மொட்டை போட வேண்டுமே என்று போனேன். ஓடைக்கரையில் மொட்டை போடும் வரிசையில் குந்தினேன். நாவிதன் தலையில் தண்ணீர் தெளித்து, நெற்றியிலிருந்து கத்தியால் ஒரு இழுப்பு இழுத்தான். அப்போது செத்தவனின் தங்கை, பல் போன கிழவி, கரைமேல் நின்று கத்தினாள்.

"யோவ், நீ இன்னாத்துக்கு அங்க குந்திக்கினு கீற?"

"பங்காளி மொட்டை போடாம?"

"எங்க அண்ணனுக்கு நீ எப்பிடிய்யா பங்காளி? எங்க தாத்தன் இந்த வூட்டுப் பொண்ணக் கட்டிக்கினு வூட்டோட மாப்பிள்ளையா வந்து குந்துனவரு. வூடுதான் மேக்காட்டான் வூடு. நாங்க ஓடக்கரையான் வகையறா. நீ மாமன் மச்சான் முறை, எழுந்து போய் கோடி எடுத்துக்கினு வாய்யா! ஊருக்கெல்லாம் முறை சொல்ற மூஞ்சப் பாரு!"

சாவு வூடு என்றுகூடப் பார்க்காமல் எல்லாரும் சிரித்தார்கள். நடுமண்டையில் வழித்த ஒரு கோட்டோடு நான் எழுந்து நின்றேன். மாமன் மச்சான் என்றால் அந்தப் பிள்ளை உனக்குக் கட்டிக்கொள்கிற முறை. அவர்களுக்கு நான் முறை தப்பிய வெட்கத்தில் நிற்பதாகத் தோன்றியிருக்கும்.

தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வெள்ளிமலைக் கடைக்குப் போய்க் கோடித்துணி எடுத்து வந்தேன். உடம்பின்மேல் போடக் கை வரவில்லை. துணி சுருண்டு சுருண்டு விழுந்தது. தலைமாட்டில் நின்ற பேரன் மறுமுனையைப் பிடித்தான். அவன்தான். கல்யாணமாகிக் குழந்தையும் இருக்கிறதாம்.

"இந்தப் பக்கமா போடுங்க மாமா" என்றான்.

கோபமாகச் சொல்லவில்லை. முறை அதுதான் என்று இப்போது எல்லாருக்கும் தெரிந்துவிட்டதால் சொன்னான். அவனிடம் மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயெடுத்தேன். பறை அடித்துக்கொண்டிருந்தது. பாடை தூக்கிவிட்டார்கள்.

இப்போதும் வகையறா கேட்டு ஆட்கள் வருகிறார்கள். நான் சொல்வதில்லை. இரண்டு வூட்டிலும் மூத்தவரைக் கூட்டிவரச் சொல்கிறேன். படுக்கையில் இருந்தால் நானே நடந்து போய்ப் பக்கத்தில் குந்துகிறேன். உங்க அப்பன் எந்த வூட்டில் பிறந்தவன், அவனைப் பெத்தவன் யார், அவன் இங்கே பிறந்தானா வந்து குந்தினானா என்று ஒவ்வொரு படியாகக் கேட்கிறேன். அவர்கள் நின்ற இடத்தில் நானும் நின்றுவிடுகிறேன். அதற்கு மேல் தெரியாது என்று சொல்லிவிடுகிறேன். கிழவனுக்கு மறதி வந்துவிட்டது என்கிறார்கள். எனக்கு ஒன்றும் மறக்கவில்லை, பாப்பா. உன் கேள்வியைத்தான் வாசல் வாசலாகத் தூக்கிக்கொண்டு போகிறேன். அதைக் கேட்டிருக்க வேண்டிய வூட்டுக்கு மட்டும், கோடி போடும் நாளில்தான் போய்ச் சேர்ந்தேன்.