குடிகாரக் கிழவனுக்கு முத்தம்

பதுவா, 1508

செப்டம்பர் 7
இரண்டு வெண்கலத் தகடுகளும் கொடுத்தாயிற்று. ஒன்று கோயிலுக்கு: இறந்த இயேசுவை இரண்டு தேவதூதர்கள் தாங்குவது. பூசையில் சமாதானத்துக்காக எல்லோரும் வரிசையாக முத்தமிடுவார்களே, அதற்கு. பழைய மரத்தகட்டை, யார் முதலில் முத்தமிடுவது என்ற சண்டையில் ரொட்டிக்கடை மாதலேனா கசாப்புக்கடை ஜாக்கொமினாவின் மண்டையில் போட்டு உடைத்துவிட்டாள்.

இன்னொன்று பேராசிரியர் லத்தான்சியோவின் மைக்கூட்டுக்கு: பழங்கதைக் குடிகாரன் சிலேனஸை இரண்டு ஆட்டுக்கால் ஆசாமிகள் தாங்குவது. என் வீட்டுக்காரர் தாதேயோ ஒரே மெழுகு மாதிரியை வைத்துத்தான் இரண்டையும் செய்தார். சாய்ந்த ஆள் ஒருவன், பிடிக்க இருவர். தலை, கால், தொப்பையை மாற்றினால் வேறு தகடு. தொழில் அப்படி.

பொட்டலம் கட்டியது நான்.

செப்டம்பர் 10, ஞாயிறு
மாற்றிக் கட்டிவிட்டேன். முத்தமிடக் குனிந்தபோதுதான் பார்த்தேன் — தொப்பை! பின்னால் அத்தனை பேர் நிற்கிறார்களே, என்ன செய்ய? முத்தத்தைக் கொடுத்துவிட்டேன்.

தாதேயோ குதித்தார். "ஏண்டி, திராட்சைக்கொடியும் முள்முடியும் ஒண்ணாடி உன் கண்ணுக்கு?"

"துணி சுத்துனா எல்லாம் ஒண்ணுதான்!"

செப்டம்பர் 12
சத்தமில்லாமல் மாற்றிவிடலாம் என்று பேராசிரியர் வீட்டுக்குப் போனேன். நான்கு மாணவர்களுக்கு இயேசுவைக் காட்டிக்கொண்டிருந்தார். "பாருங்கப்பா, போதை தலைக்கேறின முகம்! இந்தக் காலத்துல யாருக்கு இப்படிச் செய்ய வருது?"

மெருகு சரியில்லை, கொடுங்கள் என்றேன்.

"தொட்டுப் பாரு, கையை ஒடிச்சிடுவேன்."

செப்டம்பர் 17, ஞாயிறு
மாதலேனா முத்தமிட்டாள். திடீரென்று சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. "பாவம், சாகும்போதும் எப்படிச் சிரிக்கிறாரு பாரேன்," என்று ஜாக்கொமினாவின் கையில் தகட்டைக் கொடுத்தாள். அடுத்த வாரம் நீதான் முதலில் என்றும் சொன்னாள்! கோயிலே வாயைப் பிளந்தது.

செப்டம்பர் 20
அடுத்த ஞாயிறு ஆயர் ஆள் அனுப்புகிறாராம், கோயிலைச் சோதிக்க.

பட்டறையைப் பூட்டிவிடுவார்கள். தாதேயோவைச் சிறையில் போடுவார்களோ? என்னால்தானே எல்லாம். பயமாக இருக்கிறது. சோறு இறங்கவில்லை.

செப்டம்பர் 23
தாங்க முடியாமல் எங்கள் கோயில் காஸ்பரே சாமியாரிடம் போய் மண்டியிட்டுச் சொல்லிவிட்டேன்.

"தெரியும்," என்றார்.

"எப்பலேர்ந்து, சாமி?"

"முதல் நாள்லேர்ந்து. பூசை வைக்கிறவன்தானேம்மா முதல் முத்தம் கொடுக்கணும்?"

"அப்புறம் ஏன் சாமி சொல்லல?"

"பதினோரு வருஷமா சமாதானம் சமாதானம்னு தொண்டை கிழியக் கத்துறேன். மண்டைதான் உடைஞ்சுது. இந்தக் கிழவன் ஒரே வாரத்துல முடிச்சிட்டான். எப்படித் திருப்பித் தர்றது?"

"நாளைக்குக் கண்டுபிடிச்சிட்டா?"

"உங்களுக்கு முன்னாடி என்னைத்தான் பிடிப்பாங்க. போய்ச் சாப்பிடு."

செப்டம்பர் 24, ஞாயிறு
வந்தவர் படித்தவர். தகட்டைக் கையில் வாங்கினார், வெளிச்சத்தில் திருப்பினார், ஆட்டுக்காலை விரலால் தடவினார். சாமியார் கண்ணை மூடிக்கொண்டார்.

அவர் நிமிர்ந்து வரிசையைப் பார்த்தார். ஜாக்கொமினா முதலில், அவள் தோளில் கை போட்டபடி மாதலேனா.

மறுபடி தகட்டைப் பார்த்தார். முத்தமிட்டார். ஜாக்கொமினாவிடம் நீட்டினார்.

வீட்டுக்கு வந்து அழுதேன்.

அக்டோபர் 3
ஆயர் மாளிகையிலிருந்து கடிதம். மறைமாவட்டத்தில் அதிகம் அடித்துக்கொள்ளும் ஐந்து கோயில்களுக்கு அதே தகடு வேண்டுமாம். எந்த மாற்றமும் கூடாதாம்.

தாதேயோ தலையைச் சொறிந்தார். "ஓர்சோலா, ஒரு ஒளிவட்டமாவது வெச்சிடட்டுமா?"

"மாத்தக் கூடாதுன்னு எழுதியிருக்காருல்ல? ஊத்துங்க."