இரண்டு நொடிக் காவலாளி

ஜூலை 5, 2025
தென்காசியில் மதியக் காட்சி. எங்கள் இணைய இதழின் ஆசிரியர் சேக் மைதீன் மூன்று நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார்: "எல்லாரும் இந்தப் படத்தப் பத்தித்தான் பேசுதாங்க. நீங்க எழுதுங்கக்கா." ஏழு பேர் சேர்ந்து ஒரு நகைமாளிகையின் பெட்டகத்தை உடைக்கும் கதை. வீட்டுக்காரரைக் கூட்டிப்போகவில்லை. பக்கத்து வீட்டு வடிவம்மாளைத் துணைக்கு இருக்கச் சொல்லிவிட்டுப் போனேன்.

ஜூலை 6
நல்லதை முதலில் எழுதிவிடுகிறேன். பத்து நிமிடத்துக்குள் ஏழு பேரையும் அறிமுகம் செய்துவிடுகிறார்கள். யாரும் யாரோடும் குழம்பவில்லை. பூட்டுத் திறக்கும் கிழவி, வேலை தொடங்கும் முன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைக்கிறாள். அவளுக்குக் கண் விரலில்தான். ஒரு வசனம் இல்லை. உடுப்பு, கார், இசை, எல்லாம் அளவாக இருக்கின்றன.

ரசித்தேன். அதுதான் எரிச்சல். என்னால் எப்படி ரசிக்க முடிந்தது?

ஜூலை 7
குறைகள். எது தவறினாலும் 'அதுவும் எங்கள் திட்டம்தான்' என்று பின்னால் காட்டிவிடுகிறார்கள். மூன்றாம் தடவை நமக்குப் பயம் விட்டுப்போகிறது. ஒருத்தி அழகாக நடப்பதைத் தவிர எதுவும் செய்யவில்லை.

பிறகு அந்தக் காவலாளி. பிடரியில் ஒரு தட்டு, சுருண்டு விழுகிறான். இரண்டு நொடி. பெயர் கிடையாது. தியேட்டரே சிரித்தது.

என் வீட்டுக்காரர் குத்தாலிங்கம் பதினேழு வருஷம் பட்டாளத்தில் இருந்தவர். போன நவம்பரில், குற்றாலம் ரோட்டில் ஒரு நகைக்கடன் கடை வாசலில் காவல் நின்றபோது, காலை பதினொரு மணிக்கு நாலு பேர் வந்தார்கள். இரும்புக் கம்பி. தலையில் ஓர் அடிதான். வலது கை விளங்காமல் போனது. பேச்சு குழறுகிறது, வலிப்பு வருகிறது. அதன்மேல் போலீஸ் வேறு — "உள்ளாள் இல்லாம இது நடக்காதுய்யா" என்று அவரையே மூன்று மாதம் அலையவைத்தது. தெருவில் இன்னும் அப்படித்தான் பேசுகிறார்கள்.

ஜூலை 8
சாப்பிடும்போது கேட்டார்: "படத்துல... வாட்ச்மேன் உண்டா?"
"உண்டு."
"என்ன ஆனான்?"
"எந்திரிச்சு வீட்டுக்குப் போயிட்டான்."
இடது கையால் ஒரு வாய் அள்ளிவிட்டு, "நல்ல படந்தான்" என்றார்.
ஏன் பொய் சொன்னேன்?

ஜூலை 10
சேக் மைதீன் போன். "அக்கா, நீங்க அனுப்புன கட்டுரைல வாட்ச்மேன் பத்தி மட்டும் ஒரு பக்கம் இருக்கு. ஜாலியான படம்லா, யாரு அதையெல்லாம் பாக்காங்க?"
"நான் பாத்தேன் தம்பி. போட்டா முழுசா போடுங்க, இல்லன்னா விட்டுருங்க."
முழுசாகப் போட்டுவிட்டார்.

ஜூலை 12
கட்டுரைக்குக் கீழே ஒருவர்: 'படத்தைப் படமாகப் பார்க்கத் தெரியாதவர்.' இருக்கலாம்.

ஜூலை 19
காலை ஆறரைக்கு அவருக்கு வலிப்பு. ஆஸ்பத்திரி வாசல்வரைதான் உயிர் இருந்தது.

ஆகஸ்ட் 3
பதினாறாம் நாள். குற்றாலத்தில் சீசன் கூட்டம். எண்ணெய் வாடை, கூச்சல், செல்ஃபி. காரியம் முடித்த வீட்டு ஆட்கள் நாங்கள் நாலு பேர் ஓரமாகக் குளித்துவிட்டு வந்தோம்.

ஆகஸ்ட் 6
இன்ஸ்பெக்டர் போன் செய்தார். கடையில் கொள்ளையடித்த நாலு பேரும் செங்கோட்டையில் சிக்கிவிட்டார்கள். உள்ளிருந்து தகவல் கொடுத்தது கடை மேனேஜராம். "அடையாளம் காட்டணும். அண்ணாச்சியக் கூட்டிட்டு வாங்கம்மா."
அவர் போய்ப் பதினெட்டு நாளாகிறது என்று சொன்னேன். 

ஆகஸ்ட் 7
ஸ்டேஷனுக்குப் போனேன். அவர்மேல் தப்பில்லை என்று எழுதித் தரச் சொல்லிக் கேட்டேன்.
"அப்படி எழுதித் தர வழியில்லம்மா."
"அப்ப இங்கனயே இருக்கேன் சார்."
பெஞ்சில் உட்கார்ந்தேன். டீ வந்தது, தொடவில்லை. நாலு மணிக்கு இன்ஸ்பெக்டரே ஒரு வெள்ளைத்தாளை எடுத்தார். 'குத்தாலிங்கம், வயது 52. கொள்ளையைத் தடுக்க முயன்றபோது தாக்கப்பட்டவர். இவ்வழக்கில் இவர்மீது சந்தேகம் ஏதுமில்லை.' கையெழுத்து, முத்திரை.

நகல் எடுத்து, தெருமுனை டீக்கடைச் சுவரில் ஒட்டினேன். கடைக்கார நெல்லையப்பன் அண்ணாச்சி எட்டிப் படித்தார். பசை காயும்வரை தாளின் மேல்முனையைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றார்.