முதலில் கிடைத்தது

மார்ச் 4, செவ்வாய்
பில் அடிக்கும் புரோகிராமைக் காணவில்லை என்று கம்ப்யூட்டர் அடம்பிடித்தது. தங்கச்சியை போனில் பிடித்தேன். கடைக்கு நிரல் எழுதிக் கொடுப்பவள் அவள்தான். கம்ப்யூட்டரிடம் ஃபோல்டர்களின் பட்டியல் ஒன்று இருக்கிறதாம். பேரைச் சொன்னால் அந்த வரிசையில் தேடுமாம். "பில் புரோகிராம் இருக்கிற உன் பழைய ஃபோல்டரைக் கடைசியில சேர்த்துக்கோண்ணா. முன்னாடி வேணாம்" என்றாள். முதலிலேயே சேர்த்தேன். ஓடுகிற சரக்கை முன்வரிசையில் அடுக்கித்தான் இந்தக் கடையை வளர்த்தேன். பில் பறந்து வருகிறது.

மார்ச் 11, செவ்வாய்
கம்ப்யூட்டரில் லேபிள் அடித்து ஒட்டி, தரை கழுவும் அமிலம் ஐம்பது கேன் விற்றேன். நல்ல வெயில்.

மார்ச் 13, வியாழன்
எங்கள் கேன் வாங்கிய விடுதியில் தரை துடைக்கும் ஒரு அம்மாவுக்கு அமிலம் தெறித்து இடது கண் போய்விட்டது. கேனில் எங்கள் லேபிள்: ஒன்றுக்குப் பத்துத் தண்ணீர். இப்போது வருகிற சரக்கு கடுமை, நாற்பது ஊற்ற வேண்டும். லேபிளை மாற்றி ஆறு மாதம் ஆகிறதே— எப்படி? "என்ன கண்றாவி எழுதி வெச்சிருக்கே?" என்று தங்கச்சியிடம் கத்தினேன். நேரில் வந்து பார்க்கிறேன் என்றாள்.

மார்ச் 14, வெள்ளி
காலையிலேயே வந்தாள். லேபிள் புரோகிராம் எங்கெங்கே இருக்கிறது என்று தேடிச் சொல்ல நாலு வரி எழுதி ஓட்டினாள். திரையில் இரண்டு விலாசம், ஒரே பெயர். முதலாவது என் பழைய ஃபோல்டர், பத்துத் தண்ணீர் காலத்து லேபிள்.
"முதல்ல கிடைச்சதை எடுத்துக்கிட்டுத் தேடுறதை நிறுத்திடும்ணா. இன்னொண்ணு இருக்கான்னு பாக்காது."
பிறகு திரையைப் பார்த்தபடியே, "நான் நிரல்ல வெறும் பேரை எழுதிட்டேன். முழு விலாசம் எழுதியிருக்கணும். என் தப்புதான்."
முன்னால் வைத்தது யார் என்று கேட்கவில்லை. தெரியாமலா இருக்கும்? நான்தான் என்று வாய்வரை வந்தது. டீ சொல்லட்டுமா என்று கேட்டேன்.

மார்ச் 15, சனி
வக்கீல் சொன்னார்: "கம்ப்யூட்டர்ல உங்க கை பட்டிருந்தா கடை லைசென்ஸ் போயிடும். எழுதினவங்க தப்புன்னா கடை பிழைக்கும்."
பில் புரோகிராமை வெளியே எடுத்து வைத்துவிட்டுப் பழைய ஃபோல்டரை அழித்தேன்.

மார்ச் 17, திங்கள்
விசாரணை அதிகாரி வந்தார். "லேபிள் நிரலை எழுதினது யாரு?"
"என் தங்கச்சி சார்."
எழுதிக்கொண்டார். வேறு யார் அந்தக் கம்ப்யூட்டரில் கை வைப்பார்கள் என்று கேட்பார், கேட்டால் சொல்லிவிடலாம் என்று நின்றேன். பேனாவை மூடிவிட்டார்.
நான் ஒரு சொல்கூடப் பொய் சொல்லவில்லை.

மார்ச் 20, வியாழன்
லைசென்ஸ் தப்பியது. கடை திறந்தேன். தங்கச்சிக்கு போன் போட்டால் அவள் வீட்டுக்காரர் எடுத்தார்.
"ஸ்டேஷனுக்கு வரச் சொன்னாங்க மச்சான். காலையிலயே போயிட்டா. உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேனே."
தெரியாது என்றேன்.