பன்னிரண்டாம் தியானத்துக் குடை

காத்தோங், சிங்கப்பூர்
16 மே 1911

அன்புள்ள மகன் இராஜரத்தினத்துக்கு,

கர்த்தருடைய கிருபையால் இங்கே உன் ஐயாவும் தங்கச்சி இராசமலரும் நானும் சுகம். சென்னப்பட்டணத்து வெயிலில் நீயும் சுகமாக இருக்கும்படி தினமும் ஜெபிக்கிறேன். உன் தியானப் புத்தகம் இங்கே படுகிற பாட்டை நீ பார்க்க வேண்டும். சபைக்கு வந்த கட்டு ஒரே ஞாயிற்றுக்கிழமையில் தீர்ந்துபோயிற்று. தஞ்சோங் பகாரில் ஒரு பிரதியை மூன்று குடும்பம் மாறி மாறி வாசிக்கிறார்களாம். முன்னுரையில் மேல்நாட்டுப் பரிசுத்தவான்களின் நூல்களிலிருந்து திரட்டியதாக எழுதியிருக்கிறாய். நல்ல கதை! முதல் அகப்பையை அயல்வீட்டுக்கு ஊற்றிய பிறகே வீட்டாருக்குப் பரிமாறும் அந்த நாலாம் தியானத்துப் பானை, பக்கத்து வீட்டு ஆமினா பீவியின் நோன்புக் கஞ்சிப் பானை அல்லவா? வாசித்துக் காட்டினேன். ‘அட, எங்க வூட்டுப் பானை புஸ்தகத்துல ஏறிடுச்சே!’ என்று விழுந்து விழுந்து சிரித்தாள்.

பன்னிரண்டாம் தியானம்தான் வினையாகிவிட்டது. வழக்கம்போல் குடும்ப ஜெபத்தில் ஐயாதான் சத்தமாக வாசித்தார். குடை மாறிப் போனதற்காகக் கூட்டாளியோடு ஆறு வருஷம் பேசாமல், கோயிலில் அவருக்குப் பின்வரிசையிலேயே இருந்து ஜெபம் பண்ணின மனுஷனைப் பற்றியது. பாதியில் நிறுத்தி, இப்படியும் முரடர்கள் சபையில் இருக்கத்தானே செய்கிறார்கள் என்று எங்களுக்கு விளக்கம் வேறு சொன்னார். அடுத்த வரியில் குடைப்பிடியில் கட்டின சிவப்பு நூல் வந்தது. புத்தகத்தை மூடிவிட்டார். அந்த நூலைக் கட்டினதே நான்தான்; எல்லாரும் அப்துல் மஜீது கடைக் கறுப்புக் குடையே வாங்கினால் வேறு என்ன செய்வது? அன்று மழையில் நூலைக் கவனிக்காமல் ஐயாவின் குடையை அவர் கூட்டாளி கந்தப்பு எடுத்துப் போனார், கம்பி முறிந்து திரும்பி வந்தது, அவ்வளவுதான் சங்கதி. ஆனால் ஒன்பது நாள் நம் வீட்டில் ஜெபம் இல்லை ராசா. கல்யாணமான நாள் முதல் அப்படி நடந்ததில்லை. பெற்ற பிள்ளையே ஊர் சிரிக்க எழுதிவிட்டான், இனி அவனுக்கு ஒரு வரி எழுதமாட்டேன் என்றார். நான் பயந்தே போனேன்.

இதற்குள் போதகர், எழுதினவனின் தகப்பனாருக்கு மரியாதை செய்வதாக நினைத்து, ஞாயிறு ஆராதனையில் அதே தியானத்தை வாசிக்கச் சொல்லிவிட்டார். மறுத்தால் காரணம் சொல்ல வேண்டுமே! போனார், வாசித்தார். ஆறு வருஷம் என்ற இடம் வந்ததும் கண்ணாடியைக் கழற்றினார். ‘இது பிழை. ஏழு வருஷம். எனக்குத் தெரியும், அந்த ஆள் நான்தான்’ என்றார். முன்வரிசையில் கந்தப்பு எழும்பி, ‘ஏழும் இல்லை, வாற மாசத்தோட எட்டு’ என்றார். ஐயாவுக்கு மேலே வாசிக்க முடியவில்லை. மிச்சத்தைக் கந்தப்புதான் வாசித்து முடித்தார். நான் அழுதுவிட்டேன், ஒளிப்பானேன்.

நேற்று நம் வீட்டு ஜெபத்துக்கு அவரும் வந்தார். பேச்சு ஓயவில்லை, இடியப்பம் ஆறிப்போயிற்று. நீ சனிக்கிழமை தவறாமல் எண்ணெய் வைத்து முழுகு. அடுத்த பதிப்பின் முன்னுரையில் ஆமினா பீவிக்கு ஒரு வரி போடு. உன்னைக் காக்கிறவர் உன் பேனாவையும் காத்து நடத்துவாராக.

உன் அன்புள்ள அம்மா,
இரஞ்சிதம்

பி.கு.: ஐயா பக்கத்தில் நின்று எழுதச் சொல்கிறார்: எட்டு என்று திருத்தட்டும், சிவப்பு நூலை மட்டும் எடுத்துவிட வேண்டாமாம்.