இரண்டு வீட்டுப் புளி

கண்ணமங்கலம் கடைத்தெருவில் இன்று புதுப்புளி வாங்கினேன். புளியம்பழத்தின் ஓட்டை உடைத்ததும் எழுந்த வாசனையில் உன் ஞாபகம் வந்துவிட்டது. நீ போய் இன்னும் ஒரு வருடம்கூட ஆகவில்லை. எனக்கு நினைவு வந்ததோ எண்பதுகளின் கடைசியில் ஜவ்வாது மலைப் புளிக் கிடங்கில் தலையிலடித்துக்கொண்டு சிரித்த நீ.

அப்போது நாம் வேலூரில் ஒரு கொள்முதல் அலுவலகத்தின் கம்ப்யூட்டர் அறையில் இருந்தோம். மலைக் கிடங்கிலிருந்து வரும் புளி எடைச் சீட்டுகளை நான் தட்டச்சு செய்து ஏற்றுவேன். எஸ்க்யூஎல் என்ற கம்ப்யூட்டர் மொழியில் கேள்வி எழுதி அறிக்கை எடுப்பது நீ. செருப்பைக் கழற்றிவிட்டுப் போகவேண்டிய அந்தக் குளிரறையில் திருட்டுத்தனமாகப் பட்டாணி கொறிக்கும் துணிச்சல் உனக்கு மட்டும்தான் இருந்தது.

அந்தப் பருவத்து அறிக்கையில், கிடங்கில் இருந்ததைவிட மிக அதிகமாகப் புளி வந்திருந்தது. கிடங்கில் எடை போட்டவன் என் அண்ணன். "மெஷின் பொய் சொல்லுமா? உங்க அண்ணன்தான் வெளியில வித்திருக்கான்" என்றார் மேலாளர். திங்கட்கிழமைக்குள் பதில் இல்லாவிட்டால் வேலை போகும், போலீஸும் வரும் என்றார். அன்றிரவு வீட்டில் அண்ணன் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். விடிந்ததும் கிடங்குக்குப் போய்விட்டான்.

"இங்க குந்திக்கினு இன்னா பண்ணப் போற? வா, மேல போய்ட்டு வரலாம்" என்று நீதான் இழுத்துப் போனாய். சந்தவாசல் வழியாகப் பஸ்ஸில் போய் மலையேறினோம். ஒவ்வொரு வளைவிலும் வாந்தியெடுத்தபடி டிரைவரைத் திட்டிக்கொண்டே வந்தாய்.

கிடங்கில் தராசில் ஒரே ஒரு மூட்டை இருந்தது. பக்கத்தில் நின்ற இரண்டு பெண்களும் ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள். அண்ணன் இரண்டையும் எழுதிக்கொண்டான்.

"இன்னாம்மா, ஒரு மூட்டைக்கு ரெண்டு பேரா?" என்று கேட்டாய்.

"மரம் அவுங்க வூட்டுதுங்க. ஏறி உலுக்குனது எங்க வூட்டுக்காரரு. ரெண்டு வூட்டுப் பேரும் போடணும். இங்க எப்பவும் அப்படித்தான்" என்றாள் ஒருத்தி.

நீ தலையிலடித்துக்கொண்டு சிரித்தாய். "ஐயோ, தப்பு என்னுதுடி!"

இறங்கும் பஸ்ஸில் விளக்கினாய். மூட்டைகள் ஓர் அட்டவணை, வீட்டுப் பெயர்கள் இன்னோர் அட்டவணை. ஊர்வாரியாக எடையும் வேண்டும், குடும்ப எண்ணிக்கையும் வேண்டும் என்று மேலாளர் கேட்டதால், இரண்டையும் முதலில் இணைத்துவிட்டு அதன்பின் கூட்டியிருந்தாய். இரண்டு பெயர் உள்ள மூட்டை இணைந்தவுடன் இரண்டு வரியாகிவிடும். இரண்டிலும் அதே எடை வரும், அறுபது கிலோ நூற்றிருபதாகிவிடும்.

"அப்போ ஒரே எடை திரும்ப வந்தா ஒரு தடவைதான் கூட்டணும்னு சொல்லிட்டா போச்சு" என்று நானும் என் பங்குக்குச் சொன்னேன்.

"அட போடி. நெசமாவே வேற மூட்டை ஒண்ணு அறுபது கிலோ வந்தா, அதுவும் காணாமப் பூடுமே! மொதல்ல மூட்டைய மட்டும் ஊர் ஊரா கூட்டணும். வூடுங்கள தனியா எண்ணணும். ரெண்டும் ஊருக்கு ஒரு வரியா ஆனப்புறம்தான் சேக்கணும்."

திங்கட்கிழமை அறிக்கையை அப்படியே எடுத்தாய். காய்ந்து குறைந்தது கொஞ்சம் போக, கிடங்கும் அறிக்கையும் ஒத்துப்போயின. மெஷின் கோளாறு என்று சொல்லி நீ தப்பித்திருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது. எல்லோர் முன்னாலும் நின்று, "கேள்விய தப்பா எழுதினது நான் சார். அவரு ஒரு புளியங்கொட்டைகூட எடுக்கல" என்றாய். அன்று மதியம் அண்ணன் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். அப்பாடா என்று இருந்தது. அப்போதுதான் எனக்கு அழுகையே வந்தது.

பிறகு நானும் கேள்வி எழுதக் கற்று, அதிலேயே ஓய்வும் பெற்றேன். எவ்வளவு பெரிய தொகையைக் காட்டி யார் யாரைக் குற்றம் சொன்னாலும், "இதில் ஒரு வரி என்பது எதைக் குறிக்கிறது?" என்று முதலில் கேட்கும் பழக்கம் மட்டும் போகவில்லை.

நீ இறந்த செய்தி கேட்டு வாணியம்பாடிக்குக் கிளம்பியபோது, முழங்கால் வலியோடு அண்ணனும் வந்தான். வாசலில் உன் மகன், "நீங்க யாருங்க?" என்று கேட்டான். நான் சொல்ல வாயெடுப்பதற்குள் அண்ணன் அவன் கையைப் பிடித்துக்கொண்டான்.

"நான் திருடன் இல்லன்னு நாலு பேர் முன்னால சொன்னாங்க தம்பி, உங்க அம்மா."