மேபலுக்கு எண்பத்திரண்டு வயது

லட்லோ,
நவம்பர் 1958

அன்புள்ள ரூபர்ட்டுக்கு,

அம்மா எழுதுகிறேன். நான் நலம், முழங்கால்தான் மழைக்கு முன்னாலேயே மழையைச் சொல்லிவிடுகிறது. நீ அனுப்பிய தேயிலை வந்தது.

உன் வக்கீலும் வந்தார். கேக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டுவிட்டு, "ஒரே ஒரு கையெழுத்துதாம்மா. வரைபடம் போட்ட மேபல் லோவிக்னு ஒருத்தி இந்த நாட்டுல பொறக்கவே இல்லன்னு நீங்க சத்தியம் பண்ணிட்டா, அந்தத் திருட்டுப் புத்தகத்தை விக்கவிடாம பண்ணிடலாம்" என்றார்.

அப்பா பாதி ஆயுளைக் கொட்டித் தனி ஆளாக எழுதிய பிரிட்டிஷ் வரலாற்றுக் களஞ்சியத்தை ஒருவன் சுருட்டிக்கொண்டால் எனக்கு மட்டும் வயிறு எரியாதா? இப்படிப்பட்டவர்களைப் பிடிக்கத்தானே களஞ்சியக்காரர்கள் இல்லாத ஓர் ஆளை நடுவில் நுழைத்து வைக்கிறார்கள். அவனும் மேபலைச் சேர்த்தே அள்ளிக்கொண்டு போய் மாட்டிக்கொண்டான்.

ஆனால் அந்த இல்லாத ஆளுக்காக அப்பா உன் அக்கா மேபலின் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டார் என்று நினைக்காதே. நீ பிறக்கும் முன்பே, ஏழு வயதில், தொண்டை அடைப்பான் நோய் அவளைக் கொண்டுபோய்விட்டது. இடது கையால் எழுதுகிறாள் என்று பள்ளியில் அடிப்பார்கள். புத்தகத்து மேபல் கடற்கரைகளை எல்லாம் படகில் சுற்றி வரைந்தவள். கடைசிவரை இடது கையால் எழுதியவள். எண்பத்திரண்டு வயதில் இறந்தவள். ஏன் இத்தனை வயது என்று கேட்டேன். "பொய்னு ஆனப்புறம் அதுல என்ன கஞ்சத்தனம்? நல்லா வாழ்ந்துட்டுப் போகட்டும், விடு" என்றார் அப்பா.

வக்கீல் அந்தத் திருட்டுப் புத்தகத்தை மேசைமேல் விட்டுவிட்டுப் போனார். மேபலின் பக்கத்தைப் படித்தேன். எல்லாம் அப்பாவின் வரிகள். கடைசி ஒன்று மட்டும் அவர் எழுதியதில்லை. திருட்டை மறைக்க அவனே சேர்த்திருப்பான்: படகில் தனியாகப் போகும்போது சீட்டியடித்துக்கொண்டே போவாராம்.

ரூபர்ட், நம் மேபல் மாடிப்படி இறங்கும்போதெல்லாம் சீட்டியடிப்பாள். பெண்பிள்ளை சீட்டியடிக்கலாமா என்று திட்டுவேன். அப்பாவும் போய்விட்ட பிறகு, இதை அறிந்தவள் நான் ஒருத்திதான். அவனுக்கு யார் சொன்னது? அதைப் படித்த நாளிலிருந்து மாடிப்படிப் பக்கம் போகவே பயமாக இருக்கிறது. ஆனாலும் மாடிக் கதவை நான் சாத்துவதில்லை.

காகிதத்தில் கையெழுத்துப் போடவில்லை. அவள் பிறக்கவே இல்லை என்று பெற்றவளைச் சொல்லச் சொல்லாதே. வழக்குத் தோற்றால் தோற்கட்டும், அப்பா கோபித்துக்கொள்ள மாட்டார். அந்த ஆளை நீ பார்த்தால் திட்டாதே. அவள் சீட்டியடித்தது என்ன பாட்டு என்று மட்டும் கேட்டு எழுது.

குளிர் ஏறுகிறது. மப்ளர் சுற்றாமல் வெளியே போகாதே, தொண்டை பத்திரம். நீயாவது நீண்ட நாள் இரு, கண்ணே.

உன் அம்மா