அம்மா கையில் கரண்டி

7 ஜூலை, திங்கள்

இதைக் கையில் எடுத்தவர் யாராக இருந்தாலும் சரி, எங்கள் அத்தாவிடம் மட்டும் காட்டிவிடாதீர்கள். அவருடைய அண்ணன் பெரியத்தாவிடம் காட்டவே காட்டாதீர்கள். போர்வைக்குள் டார்ச்லைட் வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

எங்கள் நாசி கண்டார் சோற்றுக்கடையில் சோறு போடும் ஹஸ்ருல் அண்ணன் பிறை நகரத்தில் தொழிற்சாலை வேலைக்குப் போய்விட்டார். சோறு போடுவது லேசான வேலை இல்லை. மீன், கோழி, பருப்பு என்று ஒவ்வொரு கறியிலும் கொஞ்சம் அள்ளி, ஒரே தட்டில் கலந்து ஊற்றத் தெரிய வேண்டும். அத்தா ஊற்றினால் எல்லாத் தட்டும் ஒரே ருசி. வீட்டில் அத்தனை கறியையும் ஆக்குவது அம்மா. ஆனால் கடையில் கரண்டி பிடிப்பது எப்போதும் ஆண்கள்தான். ஏன் என்று யாரும் கேட்டதில்லை.

இன்று சாப்பிடும்போது நான் கேட்டுவிட்டேன். "அம்மாவே வந்து போடட்டுமே, அத்தா?"

பட்டர்வொர்த்திலிருந்து வந்திருந்த பெரியத்தா மீரா சாகிப் தட்டிலிருந்து கையை எடுத்தார். "கடையில பொம்பள நின்னா மத்த கடைக்காரன் நம்மளப் பாத்துச் சிரிப்பான் லா. அலாவுதீனு, மொதல்ல இவ போனைப் புடுங்கு," என்று அத்தாவிடம் சொன்னார்.

அத்தா தலையைக் குனிந்து சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். அதுதான் பயமாக இருக்கிறது. அம்மா எழுந்து தட்டுகளை அடுக்கப் போய்விட்டார்.

8 ஜூலை

அத்தா இன்னும் என்னிடம் பேசவில்லை. போன் இருக்கிறது.

9 ஜூலை, புதன்

அம்மா பேசினார். பேசாமலே இருந்திருக்கலாம்.

"எனக்காகப் பேசுறியா? என்னைய ஒரு வார்த்த கேட்டியா? விடியக்காலையில எந்திரிச்சு ஆக்குறதும் நானு, அப்புறம் கடையில போயி நிக்கிறதும் நானா? நல்ல உரிமை வாங்கிக் குடுத்த, போ."

பள்ளியில் பெண்ணுரிமை பற்றி நான் பேசினால் என் தோழி அதிரா கைதட்டுவாள். பெண்கள் எந்த வேலைக்கும் வரலாம் என்பேன். அவர்கள் ஏற்கெனவே செய்கிற வேலையை அப்போது யார் செய்வது? அதை நான் யோசித்ததே இல்லை. என் கூடப் பிறந்த அஸ்லான் அண்ணனின் துணியை மடிப்பது யார்? நான். இதைக்கூட இன்றைக்குத்தான் கவனிக்கிறேன்.

ஆனால் அம்மா முடியாது என்று சொல்லவில்லை. கேட்கவில்லை என்றுதான் சொன்னார். அதனால் போய்க் கேட்டேன் — உங்களுக்கு ஆசையா அம்மா? குழாயைத் திறந்துவிட்டு, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார்: "நான் ஆக்குற கறிய கடையில ஒருத்தரு வாயில வைக்கிறப்ப மொகம் எப்படிப் போகும்னு நான் பாத்ததே இல்ல."

11 ஜூலை, வெள்ளி

எழுதும்போதே சிரிப்பு வருகிறது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குக் கடையை அடைத்துவிட்டு ஆண்கள் எல்லோரும் பள்ளிவாசலுக்குப் போய்விடுவார்கள். தொழுகை முடிந்ததும் கூட்டம் மொத்தமாகக் கடைக்குத் திரும்பும். அதற்கு முன்பே அம்மாவும் நானும் கறிச்சட்டிகளோடு பின்வாசல் வழியாகப் போய்ச் சேர்ந்தோம். சட்டிகளை இறக்கியதும் நான் வாசலுக்கு வந்துவிட்டேன். அம்மா வரவில்லை. முக்காட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு, கறிகளை வைக்கும் கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் போய் நின்றார். என்னிடம் கடையின் முன்கதவைத் திறக்கச் சொன்னார். திறந்துவிட்டேன்.

அத்தாவுக்கு முன்னால் கூட்டம் வந்துவிட்டது. "அக்கா, கோழி. பஞ்சிர் லா," என்றார் முதல் ஆள். சோறு மிதக்க மிதக்க ஊற்றச் சொல்கிறார். அம்மாவின் கை எங்கேயும் தயங்கவில்லை. எந்தக் கறியில் எவ்வளவு காரம் என்று ஆக்கியவருக்குத் தெரியாதா?

அத்தா வந்தார், வரிசையைப் பார்த்தார், நேராகக் கல்லாவில் போய் உட்கார்ந்துகொண்டார். வரிசையில் பெரியத்தாவும் இருந்தார். ஏதோ தெரியாத கடைக்கு வந்தவர் மாதிரி, "மீன் தலை ஒண்ணு" என்றார்.

"சிரிக்கிறவன் எவனாச்சும் வந்தா சொல்லுங்க மச்சான்," என்று அம்மா கறியை ஊற்றினார்.

பெரியத்தா இன்னொரு தட்டும் வாங்கிச் சாப்பிட்டார். அம்மா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

12 ஜூலை, சனி

மறுபடியும் பயம்.

"தெனம் வரியா?" என்று அத்தா அம்மாவிடம் கேட்டார்.

"வரேன். வெங்காயம், பூண்டு உரிக்கிறது, சட்டி கழுவுறது எல்லாம் இனிமே ஒங்களுக்கும் அஸ்லானுக்கும். சரின்னா வரேன்."

அஸ்லான் அண்ணன் சிரித்தான். அத்தா சிரிக்கவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அவர் மாட்டேன் என்றால் அம்மா பழையபடி அடுப்போடுதான். என்னால்தான் இதெல்லாமா? இல்லை. இந்தத் தடவை கேட்டது அம்மா. நான் வாயே திறக்கவில்லை.

14 ஜூலை, திங்கள்

நாளைக்கும் அம்மா கடைக்குப் போகிறார். இப்போது நன்றாகத் தூங்குகிறார். குறட்டை இங்கே கேட்கிறது. சமையலறையில் மட்டும் விளக்கு எரிகிறது.

"அத்தா, எனக்குக் கண்ணே போச்சு."

"பேசாம உரி லா."

இரண்டு பேரும் மாறி மாறி மூக்கை உறிஞ்சுகிறார்கள். பாவமாகத்தான் இருக்கிறது. போய் உதவலாமா? கூடாது. ஒரு நாள் போனால் எல்லா நாளும் அது என் வேலையாகிவிடும். ஆனால் எட்டிப் பார்க்க மட்டும் —

யாரோ கதவைத் தட்டுகிறார்கள். அத்தாதான். "ஷாஹிரா, முழிச்சிருக்கியாம்மா? இந்தப் பூண்ட எப்படி உரிக்கிறது?"